புகைக்குப் பாடு போட்டோம்

பழவேற்காட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு டச்சுக்காரர்கள் காலத்துக் கிடங்கு. துணிக் கிடங்கு என்பார்கள் சிலர், வெடிமருந்துக் கிடங்கு என்பார்கள் சிலர். வெடிமருந்து ஒரு சிட்டிகை மிச்சம் இருந்திருந்தாலும், பக்கத்துப் போர்ஷன்காரர் சுருட்டைப் பற்றவைத்த முதல் நாளே எங்கள் எல்லாருடைய கஷ்டமும் ஒன்றாகத் தீர்ந்திருக்கும்.

வெளிச்சுவர் நல்ல கனம். ஆனால் இரண்டு குடித்தனம் வைப்பதற்காக வீட்டுக்காரர் நடுவில் எழுப்பிய சுவர் ஓர் ஆள் உயரம்தான். அதற்கு மேலே ஓடு வரைக்கும் வெறும் காற்று. கிழக்குப் பாதி அவருக்கு, மேற்குப் பாதி எங்களுக்கு. அவர் என்னைவிடப் பெரியவர், ஏரியில் தொழில் செய்தவர், தனி ஆள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை சுருட்டு அணையாது.

எங்கள் குப்பம் ஏரிக்கு அந்தப் பக்கம். மகளுக்குத் தலைப்பிரசவம். வலி எடுத்த பிறகு படகு தேடக் கூடாது என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வந்து தங்கினோம். பேரன் நல்லபடியாகப் பிறந்தான். மூன்று மாதம் வைத்திருந்து, சீரோடு ஆரம்பாக்கத்தில் மாமியார் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். அதற்குள் அவள் கிளம்பிவிட்டால் தாய் வீட்டுக்குத் தலைகுனிவு. அவளோ புகை வந்த இரண்டாம் வாரமே சொல்லிவிட்டாள்.

"நைனா, கொயந்த தூக்கத்துல இருமுது. நீ போய்ச் சொல்றியா, நான் அவருக்குப் போன் பண்ணிக் கூட்டிக்கினு போவச் சொல்லட்டுமா?"

எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பேச்சு அதற்கும் முன்னாலேயே நின்றுவிட்டது என்று என் மனைவி சொல்வாள். மூத்தவரிடம் போய், அவர் வீட்டில் அவர் சுருட்டுக் குடிப்பதை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் சுவருக்குப் பக்கத்தில் நின்று இருமினேன். கொஞ்சம் சத்தமாகவே இருமினேன்.

"இன்னா தம்பி, சளியா?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"லேசா, அண்ணே."

"வெச்சிக்கினு இருக்காத. இந்தா." சுவருக்கு மேலே ஒரு கை வந்தது. கையில் புதுச் சுருட்டு. "ரெண்டு இழுப்பு இழு, சளி அறுத்துக்கினு வரும்."

மூத்தவர் நீட்டியதை வேண்டாம் என்பது எப்படி? வாங்கிக்கொண்டேன். திரும்பினால், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மகள் நிற்கிறாள்.

"யம்மா, இங்க வந்து பாரேன்! நைனா சுருட்ட நிறுத்தப் போச்சி, ஒண்ணு வாங்கிக்கினு வந்துகீது."

மனைவி என்னை நம்புவதை அன்றோடு விட்டாள். அவளிடம் சாம்பிராணி இருந்தது. தினமும் காலையில் குழந்தையைக் குளிப்பாட்டிப் புகை காட்டுவது வழக்கம்தான். மறுநாளிலிருந்து தூபக்காலில் ஒரு கைப்பிடியாக அள்ளிப் போட்டாள். சுருட்டு நாற்றம் சுவரிலிருந்தே போக வேண்டுமாம். எங்கள் ஜன்னல்கூடத் தெரியவில்லை. வீட்டுக்குள் நான் மனைவியைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

அடுத்த போர்ஷனில் இருமல் கேட்டது. நான் இருமியது போலவே, கொஞ்சம் சத்தமாக.

"பாத்தியா, உன்ன நக்கல் பண்ணிக்கினு இருமறாரு" என்றாள் மனைவி. இன்னும் கொஞ்சம் சாம்பிராணி போட்டாள்.

அன்று சுருட்டு காலையிலேயே தொடங்கி மத்தியானமும் ஓயவில்லை. இரண்டு புகையும் ஓட்டுக்குக் கீழே கலந்து நின்றன. மகள் துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். பேரனின் சின்னச் சட்டை பைக்குள் போவதைப் பார்த்ததும் நான் எழுந்து வெளியே வந்து, அடுத்த வாசலில் போய் நின்றேன்.

உள்ளே கூப்பிட்டார். உட்கார்ந்தேன். வழியில் தயார் செய்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. கடைசியில் அவர்தான் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, நானே வரணும்னு இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு ஒரே கூச்சம். பச்சப் புள்ள கீற ஊடு வேற."

"சொல்லுங்கண்ணே."

"உங்க சாம்பிராணி எனக்கு ஆவல. காலைல நெஞ்ச இழுத்துப் புடிக்குது. நான் இருமிக் காட்டுனேன், உங்களுக்குப் புரியல."

நான் அவரைப் பார்த்தேன். "நானும் அன்னிக்கு இருமிக் காட்டுனேன் அண்ணே."

அவர் சுருட்டைத் தரையில் அழுத்தி அணைத்தார். "அடப் பாவி, நான் மருந்துன்னு குட்த்தேனே!"

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்த பிறகும் சிக்கல் அப்படியேதான் இருந்தது. சுருட்டை விட முடியுமா என்று நான் கேட்கவில்லை. சாம்பிராணியை விடுங்கள் என்று அவரும் சொல்லவில்லை. அப்போது, எங்கிருந்து வந்ததோ, நான் சொன்னேன்:

"பாடு போட்டுக்கலாமா அண்ணே?"

ஏரியில் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் மீன் நன்றாக விழும் இடங்களில் எல்லாரும் ஒரே சமயத்தில் வலை போட முடியாது. முறை வைத்துப் போவோம். அதற்குப் பாடு என்று பெயர். உன் பாட்டில் நான் வலை போட மாட்டேன், என் பாட்டில் நீ வரக் கூடாது. மீறினால் ஊர்ப் பஞ்சாயத்துதான். எங்களுக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்று.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பல வருஷம் பாடு பேசிய மனிதர் ஆயிற்றே. ஏரி மொத்தத்தையும் பங்கு போடுவது போல நிபந்தனை நிபந்தனையாகப் பேசினோம். ஒரு நாள் அவர் பாடு, சுருட்டு. மறுநாள் எங்கள் பாடு, சாம்பிராணி. விருந்தாளி வந்தாலும் அதே பாட்டுக்குள்தான். நான் வெற்றியோடு வீட்டுக்கு வந்து சொன்னேன்.

மனைவி கேட்டாள்: "அப்ப கொயந்த ஒரு நா விட்டு ஒரு நா மூச்சு வுட்டா போதுமா?"

அதை நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். "ஏரிக்குப் போறச்ச காத்துப் பாக்காம கரைய விட்டு எறங்குவியா நைனா?"

"மாட்டேன்."

"காலைல காத்து எங்கேர்ந்து வருது?"

"கரைலேர்ந்து. மேற்க."

"மத்தியானம்?"

"கடல்லேர்ந்து."

சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. காலையில் காற்று எங்கள் ஜன்னலில் நுழைந்து அவர் ஜன்னலில் போகிறது. அந்த நேரத்தில்தான் சாம்பிராணி போட்டு அவருக்கு அனுப்பினோம். மத்தியானம் கடற்காற்று அவர் ஜன்னலில் நுழைந்து எங்கள் பக்கம் வருகிறது. அப்போதுதான் அவர் சுருட்டோடு உட்கார்ந்தார். இத்தனை வருஷம் காற்றை நம்பிப் பிழைத்த இரண்டு பேரும் அதை மட்டும் விட்டுவிட்டுப் பாடு போட்டிருக்கிறோம்.

சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருந்தது. "பொண்ணு சொல்றதுதான் சரி. காலைப் பாடு எனக்கு, மத்தியானப் பாடு உங்களுக்கு!" என்று குரல் வந்தது.

மகள் பையைப் பிரிக்கவில்லை, ஆனால் அன்று போன் செய்யவும் இல்லை. மறுநாளிலிருந்து பேரனுக்கு மத்தியானம்தான் குளியல். பிள்ளையைக் குளிப்பாட்ட வந்துகொண்டிருந்த ஆயா, உலகத்தில் இல்லாத வழக்கம் என்று கோபித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மனைவியே குளிப்பாட்டினாள். சோறு சாப்பிடாமல் சுருட்டு ருசிக்காது என்பதால், பக்கத்து வீட்டில் விடிந்ததும் மீன் குழம்பு கொதித்தது. புகை கடல் பக்கம் போனது. பேரன் இருமாமல் தூங்கினான். பை மெல்ல மெல்லக் காலியானது.

பிறகு ஒரு மத்தியானம் மருமகன் பிள்ளையைப் பார்க்க வந்தார். பார்த்துவிட்டு, பக்கத்து வாசல் நிழலில் போய் நின்று ஒரு சிகரெட் பற்றவைத்தார்.

"யோவ் மாப்ள! இப்ப யார் பாடுன்னு தெரிமா?" என்று உள்ளேயிருந்து ஒரு கை வந்து சிகரெட்டைப் பிடுங்கியது.

"இன்னா பாடு?"

"நானே மத்தியானம் வாயக் கட்டிக்கினு குந்திகீறேன். நீ இன்னாத்துக்கு ஊதற?"

சத்தம் கேட்டு மகள் வெளியே வந்தாள். "அங்க ஊட்லயும் இப்படித்தான் ஊதுவியா? அங்க யாரு இருக்கா உன் கைலேர்ந்து புடுங்க? அங்கயும் பாடு போட்ட பொறவு வந்து கூட்டிக்கினு போ."

மூன்று மாதம் முடிந்தது. சீர் சாமான் எல்லாம் வாங்கியாகிவிட்டது. மருமகன் மறுபடி வந்தார். வந்தவரைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் வாசலில் உட்கார வைத்து விசாரித்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

"ஊட்ல சிகரெட்ட எங்க குடிப்ப?"

"கொல்லைல, கெணத்தாண்ட மட்டும்."

"காத்து?"

"ஊட்டுப் பக்கம் அடிச்சா தெருவுக்குப் பூடுவேன்."

"மழ பேஞ்சா?"

மருமகன் அதை யோசித்து வரவில்லை. என்னைப் பார்த்தார். நான் ஏரியைப் பார்த்தேன்.

"அப்ப பொண்ணு இன்னும் ஒரு வாரம் இங்க இருந்துட்டு வரட்டும்" என்றார் பெரியவர்.

மகள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். மருமகன் கொண்டுவந்த பிஸ்கட் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.