கட்டிலுக்கடியில் சில காளைகள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு அம்மாள் காளை மாட்டை நகத்தால் சுரண்டினார்.

பதற வேண்டாம். பலகையில் வரைந்த காளை. பெங்களூரில் ஒரு பூங்காவுக்குள், மரத்துக்கு மரம் கடை விரித்திருந்த கோடைக் கலைச் சந்தையில் நடந்தது. அம்மாள் சுரண்டினார். நகத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மகளிடம் "பிரிண்டு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது பிரிண்ட் இல்லை என்று எனக்குத் தெரியும். அதை வரைந்த நாகவேணி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்!

வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறீர்கள், என்னைத்தான் தெரியுமே உங்களுக்கு... ஏப்ரல், மே வந்துவிட்டால் எனக்கு ஓசூரில் இருப்புக் கொள்ளாது. எல்லையைத் தாண்டினால் பெங்களூரில் வாரம் ஒரு திருவிழா — ஓவியம், மண்பாண்டம், பொம்மை, தெருமுனையில் டிரம்ஸ். இங்கே? ஷிப்ட் பஸ் வரும், ஷிப்ட் பஸ் போகும். கிளம்பிப் போனால் அத்திப்பள்ளி நெரிசலில் நின்றுகொண்டு "ஏன்தான் கிளம்பினோமோ" என்று புலம்புவேன். வீட்டிலிருந்தால் "கிளம்பியிருக்கலாமே" என்று புலம்புவேன். இரண்டுக்கும் பதில் சொல்வதை என் வீட்டுக்காரர் எப்போதோ நிறுத்திவிட்டார்.

இந்த முறை நான் தனியாகப் போகவில்லை. நாகவேணியையும் இழுத்துக்கொண்டு போனேன்.

அவள் எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவள். சொந்த ஊர் பேரிகை. வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். லைனில் வரும் ஒவ்வொன்றையும் கையிலெடுத்து அளப்பாள். சரியாக இருந்தால் பாஸ். இம்மி பிசகினால் ரிஜெக்ட். கணவன் முனிராஜ் சூளகிரிப் பக்கம் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறான். மெஷின்கள் வரும் மரப்பெட்டிகளைப் பிரித்ததும், பலகைகளைக் கம்பெனியில் கேட்டு வாங்கி வருவான். கோழிக்கூடு செய்யப் போகிறானாம். கூடு வந்தபாடில்லை. வருகிற பலகையில் எல்லாம் அவள் காளை வரைந்துவிடுகிறாள்.

பொங்கல் முடிந்ததும் எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் எருது விடுவார்கள் இல்லையா? கொம்பில் கலர் கலராக ஜோடித்த தட்டியைக் கட்டிக்கொண்டு, அதைப் பறிக்கப் பாயும் கூட்டத்துக்கு நடுவே புழுதி கிளப்பிக்கொண்டு பாய்ந்து வருமே... அந்தக் காளை.

"நல்ல பலகையக் கெடுக்கற. யாரு இதப் பாக்கப் போறாங்க?" — இது முனிராஜின் தினசரி வசனம். தெரிந்தவர் மூலமாக நான் சந்தையில் ஓர் இடம் பிடித்ததும் தீர்ப்பே எழுதிவிட்டான். "செரி, போயிட்டு வா. சாயங்காலம் நானே பைக் எடுத்துனு வந்து பாக்கறேன். ஒருத்தரும் நிக்கலன்னா பலகை எல்லாம் கோழிக்கு. பெயின்ட் டப்பாவையும் மூட்ட கட்டிடணும்."

அவளும் சரியென்று தலையாட்டிவிட்டாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "விக்கலன்னாகூட பரவால்லக்கா. அவரு வர்றப்ப யாராவது ஒருத்தர் நின்னு பாத்துனு இருந்தா போதும்."

இதைக் கேட்ட பிறகு எனக்கு எப்படி இருப்புக் கொள்ளும்?

மரத்தடியில் பலகைகளை அடுக்கினோம். அப்போதுதான் எல்லாவற்றையும் சேர்த்து முதன்முதலாகப் பார்த்தேன். பகீரென்றது. எல்லாம் ஒரே காளை! அதே முன்னங்கால், அதே உயரத்தில். அதே திமில். அதே வால், அதே வளைவு. பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் கண்ணைக் கட்டியது.

"எப்படி நாகவேணி இப்படி..."

"வெர்னியர் வெச்சி அளந்துட்டேன்கா" என்றாள் பெருமையாக. இரும்புச் சாமானை அளக்கிற கருவியால் காளையின் கொம்பை அளந்திருக்கிறாள்! "ஒண்ணுக்கு ஒண்ணு வித்தியாசமே இருக்காது. மாறிப்போனது எல்லாம் ரிஜெக்ட். சாக்குல போட்டுக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன்."

ஜனங்கள் வந்தார்கள். கன்னடத்தில் கேட்டார்கள், தெலுங்கில் கேட்டார்கள், இந்தியில் கேட்டார்கள் — "பிரிண்டா?" கன்னடக்காரர்களுக்குக் கன்னடத்திலும் தெலுங்குக்காரர்களுக்குத் தெலுங்கிலும் "கையால் போட்டது" என்று நாகவேணி பொறுமையாகச் சொன்னாள். எல்லா மொழியிலும் நம்பாமல் போனார்கள். அந்தச் சுரண்டல் அம்மாள் வந்ததும் இந்தச் சமயத்தில்தான்.

பாவம், முகம் வாடியிருப்பாள் என்று திரும்பினால்... சிரிக்கிறாள்!

"பாத்தீங்களாக்கா? மிஷின்ல போட்டதுன்னே நெனைக்கறாங்க!"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் வேலை செய்யும் இடத்தில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. பக்கத்துக் கடையில் ஒரு பெண் வாய் கோணிய ஜாடிகளை வைத்திருந்தாள். கைப்பிடி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. கூட்டமான கூட்டம்! ஆளாளுக்கு ஒன்றைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு போனார்கள். நாகவேணி அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உண்மையான வருத்தத்தோடு சொன்னாள்: "பாவம்கா அந்தப் பொண்ணு. எல்லாமே ரிஜெக்ட்டு. யாரும் சொல்லவும் மாட்டேங்கறாங்க."

நான் உட்கார்ந்தேன், எழுந்தேன். டீ குடித்தேன், மறுபடி டீ குடித்தேன். தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யாரோ வாடிக்கையாளர் மாதிரி கடைக்கு எதிரே நின்று "ஆஹா, என்ன அழகு!" என்றேன். இரண்டு பேர் திரும்பினார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து, "அக்கா, வெயில்ல நிக்காதீங்க, இப்படி வந்து ஒக்காருங்க" என்று நாகவேணி கூப்பிட்டுக் காரியத்தைக் கெடுத்தாள்.

மதியம் தாண்டியதும் அவள் சிரிப்பும் நின்றுவிட்டது. பூங்கா வாசலையே பார்த்துக்கொண்டு, நேராக இருந்த பலகைகளை மறுபடி மறுபடி நேராக வைத்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மரத்துக்குப் பின்னால் போய் முனிராஜுக்கு போன் போட்டேன்.

"தம்பி, வரும்போது கட்டிலுக்கு அடியில ஒரு சாக்கு இருக்குமே, அதை எடுத்துட்டு வா."

"அது கழிச்சிப் போட்ட பலகைக்கா. கூட்டுக்குன்னு வெச்சிருக்கறேன். அது எதுக்கு?"

"எடுத்துட்டு வா, சொல்றேன்."

வந்தான். வெயில் இறங்கும் நேரம், பைக்கில் சாக்கைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். காலியாக இருந்த எங்கள் கடையைப் பார்த்தான். சாக்கை இறக்கி வைத்தான். அவன் கத்தியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம்தான் சாக்கைப் பார்த்தாள்.

"இத யாரு எடுத்துனு வரச் சொன்னது?"

"நான்தான்" என்றேன்.

"என்னாக்கா நீங்க! ரிஜெக்ட் சரக்க யாராவது வெளிய அனுப்புவாங்களா? கஸ்டமர் கைக்குப் போச்சின்னா யாரு பதில் சொல்றது?"

சொல்லிக்கொண்டே சாக்கைப் பிடுங்கினாள். நான் விடவில்லை. அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்... என் வயசுக்கு இது தேவையா? சாக்கின் வாய் அவிழ்ந்து பலகைகள் மொத்தமும் புல்லில் கொட்டின.

ஒரு காளை சறுக்கி விழுந்துகொண்டிருந்தது. ஒன்று பாதி ஓட்டத்தில் உட்கார்ந்துவிட்டது. ஐந்தாறு பேர் தூக்கப் பார்க்கிறார்கள். ஒன்று பலகையைத் தாண்டியே போய்விட்டது — பின்னங்கால்களும் வாலும் மட்டும் மிச்சம். ஒன்றின் கண்ணில் அப்படி ஒரு பயம். எதுவும் எதைப் போலவும் இல்லை.

நாகவேணி குத்துக்காலிட்டு, அவமானத்தோடு ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பொறுக்க ஆரம்பித்தாள். முனிராஜ் அவள் கையைப் பிடித்தான்.

"இரு."

ஒரு பலகையை எடுத்துத் தூக்கிப் பிடித்தான். அதில் ஓடி வந்த காளை சட்டென்று திரும்பி நிற்கிறது. அதன் முன்னால் கட்டம் போட்ட லுங்கியில் ஒரு ஆள், குப்புற விழுந்து கிடக்கிறான்.

"ஏய்... இது பேரிகைல என்னத் தள்ளிட்ட மாடு இல்ல?"

"ம்."

"அப்ப கீழ கெடக்கறது நானா?"

முனிராஜ் பலகையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி பலகையைப் பார்த்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். பூங்கா முழுக்கக் கேட்கிற சிரிப்பு.

"லுங்கிகூட அதேதான்கா! இதோ பாருங்க, இப்படித்தான் வந்துச்சி. நான் தட்டியப் புடிக்கலாம்னு கைய நீட்டறேன்... திரும்பிடுச்சி!"

யாரோ இருவர் நின்றார்கள். உடனே கன்னடத்துக்கு மாறினான். இன்னும் சிலர் வந்தார்கள். தெலுங்கிலும் ஒரு தடவை சொன்னான். காளையாகவும் பாய்ந்து காட்டினான், விழுந்தவனாகவும் விழுந்து காட்டினான். ஜாடிக் கடைக் கூட்டம் இந்தப் பக்கம் சாய்ந்தது. சுரண்டிவிட்டுப் போனாரே, அந்த அம்மாளும் மகளோடு வந்து நின்றார். இந்தத் தடவை நகத்தை நீட்டவில்லை. பலகையில் விழுந்து கிடந்தவனைக் காட்டி, "இது நீவேனா?" என்று கன்னடத்தில் கேட்டார் — நீங்கள்தானா என்று.

"நானே!" என்றான் முனிராஜ், பரிசு வாங்கினவன் மாதிரி.

நாகவேணி கூட்டத்தைப் பார்க்கவில்லை. தன் பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு பேசும் புருஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. யாராவது ஒருத்தர் நின்று பார்த்தால் போதும் என்றாளே... முதலில் நின்றது அவன்தான்!

அம்மாள் அந்தப் பலகைதான் வேண்டும் என்றார். நாகவேணி தரவில்லை. "அது ரிஜெக்ட்டும்மா, குடுக்கக் கூடாது" என்று வாங்கி, பத்திரமாகத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். மற்றவற்றைக் கேட்டவர்களுக்கு, மனசே இல்லாமல், ஒவ்வொன்றின் குறையையும் சுட்டிக்காட்டிவிட்டுத்தான் கொடுத்தாள்.

மறுநாள் வழக்கம்போல ஷிப்டுக்குப் போய்விட்டாள். அந்தப் பலகை அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. முனிராஜ்தான் ஆணி அடித்தான். "ரெண்டு கொம்பும் ஒரே அளவு இல்லக்கா" என்று அவள் இன்னும் முணுமுணுக்கிறாள். கோழிக்கூட்டுப் பேச்சு மட்டும் இப்போது எழுவதில்லை.

எனக்கும் ஒரு காளை வேண்டும் என்று கேட்டேன். பார்த்துப் பார்த்து, பாஸ் ஆன காளைகளில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "உங்களுக்குப் போயி ரிஜெக்ட் குடுப்பேனாக்கா?"

அதை என் மேஜைக்கு எதிரில் வைத்திருக்கிறேன். நேர்த்தியான காளை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மறுபடி இருப்புக் கொள்ளவில்லை. இந்தப் பத்தியைப் படித்துவிட்டு நீங்கள் எழுதுவீர்களே, "வழக்கம் போல அருமை" என்று... அதைப் படித்துப் படித்துப் பூரித்துப் போயிருக்கிறேன். வாரம் ஒரு சம்பவம், நடுவில் ஒரு பெருமூச்சு, கடைசியில் ஒரு நீதி. கொம்புக்குக் கொம்பு அதே அளவு. கோணலாக வந்த வரியை எல்லாம் நானும் எந்தக் கட்டிலுக்கடியில் தள்ளினேனோ!

இந்த வாரம் அளக்காமல் எழுதியிருக்கிறேன். இதுவும் வழக்கம் போலத்தான் இருக்கிறது என்றால்... தயவுசெய்து ஒரு தடவை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிடுங்கள்.