திருமலை தூக்கிப் போட்ட கட்டிகள்

திருவொற்றியூரில் மூடிப்போன பித்தளைப் பட்டறை ஒன்றின் பின்னால் கசடு மேடு இருக்கிறது. அந்தக் காலத்தில் உலையிலிருந்து வழித்து வழித்துக் கொட்டியது. கருப்புக் கட்டிகளுக்குள் இன்னும் பித்தளை இருக்கிறது. எடுக்கத் தெரிந்தவர்களுக்குச் சோறு. பச்சையம்மாவுக்குத் தெரியும். அவள் வாய்க்கு மேடே அடங்கும் என்பது வேறு கதை.

வேலை ஜோடி ஜோடியாக நடக்கும். ஒருவர் சுத்தியலால் கட்டியை உடைப்பார். உள்ளே மஞ்சள் தெரிந்தால் முன்னால் போடுவார்; இல்லாவிட்டால் தோளுக்கு மேலாகப் பின்னால் எறிவார். மற்றவர் முன்னால் விழுந்ததை இடித்து, இரும்புச் சட்டியில் தண்ணீர் விட்டு அலசிப் பித்தளையைப் பிரிப்பார். பின்னால் எறிந்தது எடுப்பவருக்குச் சொந்தம். மேட்டில் அதுதான் சட்டம்.

பச்சையம்மாவின் புருஷன் திருமலை உடைக்கிற ஆள். ஆறேழு மாதமாக அவனுக்குக் கண்ணில் புரை. டாக்டர் ஆபரேஷன் என்றதும் மனுஷன் எழுந்து வந்துவிட்டான். "கண்ல கத்தி வெக்க நா இன்னா பைத்தியமா? எனக்கு எல்லாம் சோக்காத்தான் தெரியுது."

தெரிந்த லட்சணம்தான்! மஞ்சள் மின்னுகிற கட்டிகளையெல்லாம் பின்னால் வீசிக்கொண்டிருந்தான்.

சொல்லிக்காட்ட அவளுக்கு மனசு வரவில்லை. எந்தக் கட்டியிலும் பித்தளை உண்டா என்பதை ஒரே பார்வையில் சொல்லிவிடுவான் என்று அவனுக்கு மேட்டில் பேர். அந்தப் பேர் போனால் ஆளே ஒடிந்துவிடுவான் என்று பயந்தாள். அவன் டீ குடிக்கப் போகும்போது, பின்னால் கிடப்பதை அவசர அவசரமாகப் பொறுக்கித் தன் சட்டியில் போட்டுக்கொள்வாள். யாருக்கும் தெரியாது என்று நினைத்தாள், பாவம்.

அன்றைக்கும் போனாள். பின்னால் ஒரு கட்டிகூட இல்லை. யாரோ எடுத்துவிட்டார்கள், கேட்கவும் முடியாது. திரும்பி வந்தால், பக்கத்து ஜோடியில் அலசுகிற தஹ்சீன், துப்பட்டாவிலிருந்து கட்டிகளை இவள் சட்டியில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி பண்றே?"

"அண்ணன் எறிஞ்சதுதான்க்கா. காலைலேந்து இருமிக்கினே கீறே, நீ குனிய வேணாம்னு நாங்களே பொறுக்கிட்டோம்."

"நாங்கன்னா?"

"எல்லாருந்தான். நீ பாக்காம வுட்டத தெனம் உன் சட்டில போட்றோமே, தெரியாதா?"

பச்சையம்மா சட்டியிலிருந்த கட்டிகளைக் கையால் அளைந்து பார்த்தாள்.

"இன்னாமே, நெசமாவா?"

திருமலைதான். அவளுக்கு டீ வாங்கிக்கொண்டு பின்னால் நின்றிருந்தான். எல்லாம் காதில் விழுந்துவிட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவன் டீயை அவள் பக்கத்தில் வைத்தான். சுத்தியலை எடுத்தபோது, வீசி எறிந்துவிட்டுப் போய்விடுவானோ என்று நினைத்தாள். ஆனால் உட்கார்ந்து ஒரு கட்டியை உடைத்தான். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனான், திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மேட்டில் அத்தனை பேரும் பார்க்க, அதை அவளிடம் நீட்டினான்.

"நீ பாத்து சொல்லுமே."

உடைக்கிறவன் அப்படிக் கேட்டு அங்கே யாரும் பார்த்ததில்லை. சுத்தியல் சத்தமெல்லாம் நின்றுபோனது.

"மஞ்சளாத்தான்யா கீது."

"எனக்கு மண்ணாட்டம் தெரியுது." "நாளிக்கி கண்ணாஸ்பத்திரிக்கு போலாம். உள்ள போற வரிக்கும் என் கைய வுட்றாத. பயமாக்கீது."

கசடு அப்பிய அந்தக் கையை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வுடுவேனா? அழுவாதய்யா, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள். அழுதுகொண்டிருந்தது அவள்தான்.