அம்மை போட்ட வீட்டில் ஒரு மாத்திரை

அம்மனை நம்பி இருக்கும் உங்கள் எல்லோரிடமும் இதைச் சொல்லியே ஆகவேண்டும். போன பங்குனியில் எங்கள் தர்ஷினி செத்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

குன்னூருக்கு மேலே, எச்.ஐ.வி. உள்ள பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் இல்லத்தில் வேலை செய்கிறேன். பிள்ளைகளுக்கு நான் பெரியம்மா. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, வேளை தவறாமல் மாத்திரை கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. தர்ஷினிக்கு ஆறு வயது. தாயும் தகப்பனும் இதே நோயில் போய்விட்டார்கள். பந்தலூர் எஸ்டேட்டில் அத்தை கொஞ்ச காலம் வளர்த்தாள், முடியாமல் போனதும் எங்களிடம் கொண்டுவந்து விட்டாள்.

அவளுக்கு அம்மை போட்டது. மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டக்கூடாது என்று தனி அறையில் படுக்கவைத்து, நானே கூட இருந்தேன். அம்மைக்கும் டாக்டர் மாத்திரை கொடுத்தார். "வழக்கமான மாத்திரையையும் நிறுத்திடாதீங்க. நிறுத்தினா இந்தப் பிள்ளைங்களுக்கு அம்மை நெஞ்சுல இறங்கிடும்," என்றார்.

காய்ச்சல் குறையவே இல்லை. படுக்கையை மாற்றும்போது பார்த்தால், தலையணை உறைக்குள் பாதி கரைந்த மாத்திரைகள். என் முன்னால் வாயில் வாங்கிக்கொண்டு, நான் திரும்பியதும் துப்பியிருக்கிறாள். ஓர் அடி கொடுக்கலாம் என்றால் உடம்பில் கொப்புளம் இல்லாத இடம் இல்லை.

"அம்மா உடம்புல இருக்கிறப்ப மருந்து சாப்பிட்டா கோவிச்சுக்குவாங்க பெரியம்மா. அத்தை சொல்லுச்சு."

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அம்மை என்றால் வேப்பிலை, இளநீர், மோர். தாளிப்பு கிடையாது, மருந்து கிடையாது. கெஞ்சினேன், மிரட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டாள். மூச்சு வாங்க ஆரம்பித்தது. சாயங்காலம் ஊட்டி ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம், ஆனால் அங்கேயும் வழக்கமான மாத்திரையை அவள் விழுங்கினால்தான் ஆகும் என்றார் டாக்டர். போன மழைக்காலத்தில் அதே அறையிலிருந்து ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு போனோம். அவன் திரும்பி வரவில்லை.

பக்கத்து எஸ்டேட் மாரியம்மன் கோயிலுக்கு ஓடினேன். கும்பிடவில்லை, சண்டைதான் போட்டேன். நீ வந்து உட்கார்ந்திருப்பதால்தான் விழுங்கமாட்டேன் என்கிறாள். ஒன்று எழுந்து போ, இல்லை நீயே வந்து அவளிடம் சொல் என்று மனசுக்குள் அழுதேன்.

பூசாரியிடம் தீர்த்தம் மட்டும் கேட்டேன். அம்மை போட்ட வீட்டுக்கு அவரே வந்து தீர்த்தம் தெளிப்பது எஸ்டேட் வழக்கம். ஆனால் எங்கள் இல்லத்துக்கு யாரும் வருவதில்லை. திருவிழாப் பிரசாதம்கூட வந்ததில்லை. அதனால் நான் அழைக்கவே இல்லை.

"ஏனுங்க, யாருக்குங்க அம்மை?"

எங்கள் இல்லத்துப் பிள்ளைக்கு என்று சொன்னேன். மாத்திரையைத் துப்புவதையும் சொன்னேன். செம்பை அவர் என் கையில் கொடுக்கவில்லை.

"பயமாத்தான் இருக்குதுங்க," என்றார். "ஆனா அம்மை வந்த ஊட்டுக்குக் கூப்பிடாட்டியும் நான் போகோணும்."

வந்தார். கொப்புளத்தைத் தொட்டே தர்ஷினிக்குத் திருநீறு பூசினார். கையை இழுத்துக்கொள்ளவில்லை. என்னிடமிருந்து மாத்திரையை வாங்கித் தன் உள்ளங்கையில் வைத்து, அதன்மேல் தீர்த்தம் விட்டார்.

"கண்ணு, அம்மா உன்ற உடம்புல குடியிருக்கறா. அவ இருக்கற ஊடு இடிஞ்சு விழலாமா? முழுங்கு சாமி."

"கோவிச்சுக்க மாட்டாங்களா?"

"அவதான் என்னைய அனுப்புனா."

விழுங்கினாள். கோயிலில் நான் என்ன கேட்டேன் என்று அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலும் அடம்பிடிக்காமல் விழுங்கினாள். மெல்ல மெல்லத் தேறினாள். முகம் முழுக்கத் தழும்பு, இருமல் இன்னும் விடவில்லை. எச்.ஐ.வி.யும் போகவில்லை. கும்பிட்டால் போய்விடும் என்று யாராவது சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பையனுக்காகவும் நான் இப்படித்தான் அழுதேன். அவன் ஏன் பிழைக்கவில்லை என்று இன்றும் எனக்குத் தெரியாது. அந்தத் துக்கம் அப்படியே இருக்கிறது.

ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. முன்பு எனக்கு மாத்திரை கொடுப்பது வேலை, சாமி கும்பிடுவது வேறு. இப்போது ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் மாத்திரை வைக்கும்போது தாயே என்று சொல்லித்தான் வைக்கிறேன்.

கஷ்டத்தில் இருப்பவர்களே, அம்மனிடம் கேளுங்கள். கும்பிட மனசு வராவிட்டால் சண்டையாவது போடுங்கள், அதையும் கேட்டுக்கொள்வாள். அப்படியே ஒரு நாள் எங்கள் பிள்ளைகளையும் பார்க்க வாருங்கள். இந்த வீட்டுக்குள் வர உங்களுக்குத் தயக்கம் இருக்கலாம். அவளுக்கு இருக்கவில்லை.