பூட்ஸ் பார்க்கிறவள்

காலை ஒன்பது மணிக்கு, பனிச்சறுக்கு மலையேறும் லிஃப்ட்டின் கீழே சோலாஞ்ச் யாருடைய காலடியிலாவது குந்தியிருப்பாள். பெயர் கேட்பதெல்லாம் பிறகு. பூட்ஸின் கொக்கிகளை விரலால் நெம்புவாள். உள்விளிம்பு தேய்ந்திருக்கிறதா என்று தடவுவாள். எழுந்து கையுறையைத் தட்டிக்கொண்டு சொல்வாள்: "நீங்க நீலச் சரிவு. நீங்க சிவப்பு. ராசா, நீங்க போயி ஒரு காபி குடிங்க, நாளைக்குப் பாப்போம்." சரிவுகளில் நீலம் சுலபம், சிவப்பு கடினம், கறுப்பு அதையும்விடக் கடினம்.

ஆண்கள் எல்லோரும் அவளுக்கு ராசா. போன வருடம் ஒரு நீதிபதி வந்திருந்தார். அவரும் ராசாதான்.

எங்கள் சறுக்கு வழிகாட்டிக்கு ஐம்பத்தேழு வயது. ஸ்விஸ் பக்கம் பிறந்து பிரெஞ்சுப் பக்கம் வாக்கப்பட்டவள். கோடையில் பதினோரு மாடுகளை மேய்க்கிறாள், குளிர்காலத்தில் எங்களை. "மாடு முடியலேன்னா படுத்துக்கும். நீங்க எல்லாம் முடியும் முடியும்னு நிப்பீங்க" என்பாள்.

அவளிடம் வரைபடம் உண்டு. அதில் உலர்ந்த தொத்திறைச்சியைச் சுற்றிப் பைக்குள் வைத்திருக்கிறாள். எல்லையைத் தாண்டும்போது எல்லோருடைய போனும் சேர்ந்து பிரான்சுக்கு நல்வரவு சொல்லும். அது ஓயும்வரை பேச்சை நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்துவாள். மதியம் நாங்கள் உட்காரும் முன்பே அத்தனை பேருக்கும் சூப் சொல்லிவிடுவாள். "மெனுவைப் பாத்தா அரை மணி போயிரும். லிஃப்ட்டு நம்ம மாமனார் வீட்டுதா, காத்துக்கிட்டு நிக்க?"

அவள் அவசரத்துக்குக் காரணம் உண்டு. காலையில் ஸ்விஸ் பக்கமிருந்து கிளம்புகிறவர்கள், லிஃப்ட்டை நிறுத்தும் நாலரைக்குள் கணவாய்க்குத் திரும்ப வேண்டும். கணவாயிலிருந்து எங்கள் ஸ்விஸ் பக்கம் இறங்க ஒரே சரிவு, கறுப்பு. செங்குத்து என்பதால் ஊரில் அதைச் சுவர் என்பார்கள். முடியாதவர்கள் நாற்காலி லிஃப்ட்டில் உட்கார்ந்தே இறங்கலாம். பலர் கழுத்துத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு இறங்குவார்கள். சோலாஞ்ச் அவர்கள் துணியை இழுத்துவிடுவாள். "யாரு வீட்டுல திருடினீங்க?"

வாரக்கடைசியில் அவள் குழுவின் கடைசி ஆளாக நான் போவேன். முன்னால் அவள், பின்னால் நான். யாராவது விழுந்தால் பொறுக்கிக்கொண்டு வருவது என் வேலை.

இந்த பிப்ரவரியில் பெல்ஜியத்திலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். லாம்பேர் என்ற பல் மருத்துவர், அவர் மனைவி மார்த், அவர்களுடைய மூன்று சிநேகிதர்கள். லாம்பேரின் பூட்ஸ் நன்றாக உழைத்த பூட்ஸ். உள்விளிம்பு மழுங்கி, கொக்கிகள் இரண்டுமுறை மாற்றப்பட்டவை. சோலாஞ்ச் தடவிப் பார்த்தாள். "கறுப்பு. தாராளமா."

அன்று பிரெஞ்சுப் பக்கத்தில் சிவப்புச் சரிவுகளில்தான் சுற்றினோம். அகலமான, இயந்திரம் வாரிவிட்ட பனி. லாம்பேர் விறைப்பாக வந்தார், ஆனால் வந்தார். மூன்று மணிக்குக் காற்று எழுந்தது. கணவாய்க்கு நாங்கள் வந்து சேரும்போது இறங்கும் லிஃப்ட் நின்றுவிட்டது. வெற்று நாற்காலிகள் கம்பியில் ஊஞ்சலாடின. பிரெஞ்சுப் பக்கத்திலிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது.

லிஃப்ட்காரர் எலுவா கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். "இருபது நிமிஷம், சோலாஞ்ச். அப்புறம் உன் மூக்கே உனக்குத் தெரியாது."

"என் மூக்கு எனக்குத் தெரியும். உன்னுது மாதிரி சிவந்தா கிடக்கு? இவங்க அஞ்சு பேரையும் கூட்டிட்டு எறங்கு, நாங்க பின்னால வர்றோம். மரக்குடிசைக்கிட்ட நில்லு."

எலுவாவுக்குப் பின்னால் மார்த் முதலில் இறங்கினாள். அழகாக இறங்கினாள். சிநேகிதர்கள் பின்தொடர்ந்தார்கள். லாம்பேர் மட்டும் விளிம்பில் நின்றார். சறுக்குப் பலகையின் நுனியைச் சரிவுக்கு நீட்டி, உடனே பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"சொல்லுங்க ராசா."

"இது என் அண்ணனோட பூட்ஸ்" என்றார் லாம்பேர். "நான் கத்துக்கிட்டு ரெண்டு வருஷந்தான் ஆகுது. மார்த்துக்கிட்ட பத்து வருஷம்னு சொல்லி வச்சிருக்கேன்."

சோலாஞ்ச் அவர் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை.

"மீட்பு ஆளுங்கள கூப்பிடலாமா?" என்றேன்.

"ஸ்ட்ரெச்சர் வேண்டாம்" என்றார் லாம்பேர். "தயவுசெஞ்சு. அவ கீழ நின்னு பாப்பா."

சோலாஞ்ச் மேகத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சுவருக்குள் இறங்கி, அவருக்குக் கீழே குறுக்காக நின்றாள். "உங்க கீழ்ப்பக்கப் பலகைய என் பலகைமேல சாய்ங்க. முழுக் கனத்தையும் போடுங்க. நான் வழுக்குனா நீங்களும் வழுக்குங்க. பள்ளத்தைப் பாக்காதீங்க. என் தொப்பியப் பாருங்க."

விளக்குமாறு இழுப்பதுபோலப் பக்கவாட்டில் இறங்கினார்கள். ஒரு முழம், நிறுத்தம். ஒரு முழம், நிறுத்தம். அவள் வாய் ஓயவில்லை. "உங்களுக்குப் பல்லு தெரியும்ல? எனக்கு இந்தக் கடவாப் பல்லு ரெண்டு மாசமா குத்துது. பிடுங்கணுமா, அடைக்கலாமா?"

"பாக்காம எப்படிச் சொல்றது?"

"நான் பூட்ஸைப் பாத்துத்தான் சொன்னேன். என்ன லட்சணமா சொன்னேன் பாத்தீங்கல்ல."

பாதியில் அவர் பலகை நழுவியது. விழுந்து, முதுகால் தேய்த்துக்கொண்டு போய் அவள் மேல் மோதினார். எண்பது கிலோவை இரண்டு பலகை ஓரங்களில் தாங்கிக்கொண்டு அவள் அசையாமல் நின்றாள். கன்னத்தில் ஒரு தசை மட்டும் துடித்தது. "ஜூடா ஐஸா, ராசா?" என்றாள், விளையாட்டில் பிள்ளைகள் கேட்பதுபோல. "ஜூடுன்னா சொல்லுங்க, விட்டுர்றேன்." லாம்பேர் சிரித்தார். சிரித்ததும் கால் அவர் பேச்சைக் கேட்டது.

மேகம் எங்களைப் பிடிக்கும்போது சுவர் முடிந்திருந்தது. வளைவுக்கு அப்பால் மரக்குடிசையருகே மற்றவர்களின் குரல் கேட்டது. மார்த் கணவர் பெயரைக் கூப்பிட்டாள்.

சோலாஞ்ச் லாம்பேரைத் திருப்பி நிறுத்தி, முதுகிலும் காலிலும் அப்பியிருந்த பனியை உள்ளங்கையால் தட்டிவிட்டாள். தொப்பியைக் கழற்றி உதறி மாட்டிவிட்டாள். பிறகு அப்படியே பனியில் தொப்பென்று உட்கார்ந்து, ஒரு பக்கமாகப் புரண்டு எழுந்தாள். இடுப்பிலிருந்து தோள்வரை வெள்ளையாக, எதையும் தட்டிவிடாமல், அவருக்குப் பின்னால் வளைவைத் திரும்பினாள்.