நீர்மோர் தீர்ந்துபோன சந்தோஷம்

சித்திரை முதல் தேதி எங்கள் நீர்மோர் அண்டா காலியாகிவிட்டது. வெயில் ஏறுவதற்குள்ளேயே! என் கணவருக்கு முகம் வாடிவிட்டது. எனக்கோ வாயெல்லாம் பல்.

ஏன் என்று கேட்கிறீர்களா? போன வருடத்துக்குப் போக வேண்டும்...

பெங்காலிகள் ஊரான பவானிபூரில் நாங்கள் சில தமிழ்க் குடும்பங்கள், வருடப்பிறப்பன்று பக்கத்து மார்க்கெட் வாசலில் நீர்மோர் கொடுப்போம். போன வருடம் ஆண்கள் மடக்மடக்கென்று குடித்தார்கள். காய்கறி விற்கும் பெண்கள்? சிரித்தபடி வாங்கி, அப்படியே ரிக்‌ஷாக்காரரிடம் நீட்டிவிட்டார்கள்.

"பெருங்காய வாசனை இவாளுக்குப் பிடிக்கலைடி" என்று தீர்ப்புச் சொன்னார் என் கணவர். பேங்க் அதிகாரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். தீர்ப்புச் சொல்வது பழக்கம். அடுத்த அண்டாவில் பெருங்காயம் கட். பெங்காலிகளுக்கு மோர் இனிக்கணுமாமே என்று, கை நிறையச் சர்க்கரை வேறு. கறிவேப்பிலையோடு சர்க்கரை - கண்றாவி! அப்போதும் பெண்கள் குடிக்கவில்லை.

அவர்களில் மினோதி எனக்கு வாடிக்கை. வாழைத்தண்டும் வாழைப்பூவும் விற்பவள். விடிவதற்கு முன் லோக்கல் ட்ரெயின் பிடித்து வந்தால், வீடு திரும்ப இருட்டிவிடும். மழைக்காலத்தில் அவள் இடம் காலியாகக் கிடந்தது. குளிர்ஜுரம், யூரினில் இன்ஃபெக்‌ஷன் என்றார்கள். திரும்பி வந்தபோது பாதியாக இளைத்திருந்தாள்.

"கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில நல்லாப் பாத்தாங்க தீதி. மருந்துகூட சும்மாவே கொடுத்தாங்க. நிறைய தண்ணி குடி, மறுபடி வந்தா கிட்னி போயிடும்னு டாக்டர் சொன்னார்" என்றாள் பெங்காலியில். தீதி என்றால் அக்கா.

"அப்புறமென்ன, குடிக்க வேண்டியதுதானே?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "குடிச்சா போகணுமே தீதி. எங்க போறது?"

எனக்குச் சுரீரென்றது. பெருங்காயமாவது, சர்க்கரையாவது!

மார்க்கெட்டில் பெண்களுக்கென்று டைல்ஸ் போட்ட கழிப்பறை இருக்கிறது. கட்டிய நாளிலிருந்து பூட்டுதான். உள்ளே மார்க்கெட் கமிட்டிக்காரர்களின் வெங்காய மூட்டைகள்! ஆண்களுடையது மட்டும் சதா திறந்திருக்கும். ஊருக்கெல்லாம் கிட்னிக்கு நல்லது என்று வாழைத்தண்டு விற்கிறவள், தன் கிட்னிக்காக ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கப் பயப்படுகிறாள். வியாதி வந்தால் மருந்து இலவசம். வராமல் இருக்க ஒரு பூட்டைத் திறக்கத்தான் ஆளில்லை. கோபம் வராதா? என் கிட்னியையும் மினோதியின் கிட்னியையும் ஆண்டவன் ஒரே மாதிரிதான் படைத்தான். என்னுடையதற்குப் பக்கத்தில் ஒரு பாத்ரூம் இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

கமிட்டியில் போய்ப் பேசினேன். "பார்க்கலாம் தீதி" என்று டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்... வேறென்ன?

காரியத்தை முடித்தது மினோதிதான். நவராத்திரி பூஜைக்கு முன்னால், வியாபாரம் சூடுபிடித்த ஒரு காலையில், பெண்கள் யாருமே கடை விரிக்கவில்லை. கூடைகளோடு கமிட்டி வாசலை அடைத்து உட்கார்ந்துவிட்டார்கள். "சாவி வந்தா எழுந்திருக்கிறோம்" என்றாள் மினோதி. காய் வாங்க வந்தவர்களெல்லாம் கமிட்டியைப் பிடித்துத் திட்டினார்கள். நானும்தான், கொஞ்சம் உரக்கவே. மதியத்துக்குள் வெங்காயம் வெளியே வந்தது, மினோதி உள்ளே போனாள்.

இந்தச் சித்திரைக்கு முதல் டம்ளர் அவளுக்குத்தான். ஒரே மூச்சில் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு டம்ளரை மறுபடி நீட்டினாள்.

"இன்னொண்ணு தீதி! போன வருஷம் சர்க்கரை போட்டீங்களே... ரிக்‌ஷா அண்ணா இன்னும் திட்டறார்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிப்பும் வந்தது. அவளுக்குப் பின்னால் பெண்கள் வரிசை, பேச்சும் கேலியுமாக. கரண்டி அடி தட்டும்வரை ஊற்றினேன்.

"எனக்கு ஒரு டம்ளர்கூட மிச்சமில்லையா?" என்றார் என் கணவர்.

"ஆத்துல போய்க் குடிங்கோ" என்றேன். "உங்களுக்கு எந்தக் காலத்துல பூட்டு இருந்தது?"