கெசுவல் கெத்தரின்

ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இரண்டு கெத்தரின்கள் இருந்தார்கள். செக்ரோல் என்ற ஆள்பதிவுப் புத்தகத்தில் பேர் பதிந்தவள் வெறும் கெத்தரின். பதியாதவள் கெசுவல் கெத்தரின். பத்தொன்பது வருடம் கொழுந்து பறித்தும் அந்த ஒட்டு அவளை விட்டுப் போகவில்லை. கோயிலில் சாமியார்கூட ஒருநாள் வாய்தவறி அப்படியே கூப்பிட்டார்.

அந்தச் சொல் காசிலிருந்து வந்தது என்றுதான் அவள் நம்பியிருந்தாள். அன்றன்றைக்கு வேலை, அன்றன்றைக்குக் கைக்காசு. அதனால் காசுவல், வாய்க்கு வாய் மாறிக் கெசுவல்.

புருஷன் சிறில் செத்த பிறகுதான் அது கழுத்தைப் பிடித்தது. அவன் பேர் பதிந்த ஆள். இனி அவர்கள் குடியிருந்த லயத்துக் காம்பிராவில் பதிந்த பேரே இல்லை. வருட முடிவுக்குள் பேர் பதிந்து பெர்மனன்ட் ஆகாவிட்டால் லயத்தை விட்டுப் போக வேண்டும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அவளுக்குப் போக வேறு இடம் கிடையாது.

அக்கா மகன் றொபின்சன் இங்கிலீஷ் மாஸ்டர். தோட்டத்துத் துரைக்கு மனு எழுத உட்கார்ந்தவன், அவளுடைய காசு விளக்கத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டான்.

"காசு இல்ல சித்தி. லத்தீன் சொல்லு. விழுறதுன்னு அர்த்தம். தற்செயலா வந்து விழுறது. அப்பப்ப வந்து போற ஆளுக்கும் அதையே வச்சிட்டாங்க. டவுன்ல சும்மா போடுற உடுப்பும் கெசுவல்தான்."

"பத்தொம்பது வருசமா தெனமும் தற்செயலாவா வந்து விழுறேன்?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "பெர்மனன்ட்னா?"

"கடைசி வரைக்கும் இருக்கிறது."

"அத நல்லா அழுத்தி எழுதுப்பா."

மனுவை வாங்கிய கிளாக்கர், "பார்ப்போம்" என்றார். ஆபீசில் பார்ப்போம் என்றால் பார்க்கமாட்டோம் என்று அர்த்தம். அதற்கு லத்தீன் தேவையில்லை. கெத்தரினுக்கு மட்டும் அது விளங்கவில்லை. கிளாக்கரின் கண்ணில் படட்டும் என்று, மற்றவர்கள் வீட்டில் நின்ற அடைமழை நாளிலும் மலையேறினாள். பனிமூட்டத்தில் கால் வழுக்கி, தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தாள்.

மாத்தளை ஆஸ்பத்திரியில் யாரோ, "கெசுவல்டிக்குக் கொண்டு போங்க" என்றார்கள். வலியோடு வலியாக அவள் கூட வந்த றொபின்சனின் கையைப் பிடித்தாள்.

"இங்கயும் நம்மள தனியாத்தான் வச்சிருக்காங்களா? பெர்மனன்ட் ஆளுகளுக்கு எந்த வார்டு?"

கெசுவலுக்கும் விபத்து வார்டின் கெசுவல்டிக்கும் வேர் ஒன்றுதான் என்று அவனுக்குத் தெரியும். தள்ளுவண்டியோடு கூடவே நடந்தான்.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். வாசலில் வைத்து, "என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

"முழங்கால் இனி மடங்காதாம் சித்தி. பெர்மனன்ட்னு போட்டிருக்கு."

அவள் முழங்காலைத் தடவினாள். "என்னைய விட்டுட்டு இத பதிஞ்சிட்டாங்க" என்றாள்.

வருடக் கடைசியில் நொண்டி நொண்டிப் போய்க் காம்பிராச் சாவியை ஆபீசில் வைத்தாள். புத்தகத்தில் குறிக்கப் பேனையை எடுத்த கிளாக்கர், தலையை நிமிர்த்தாமலே, "எந்தக் கெத்தரின்?" என்று கேட்டார்.

"கெசுவல்" என்று அவளே சொன்னாள்.