தொட்டியில் இறங்கிய இஞ்சின்

சபையில் சாட்சி சொல்ல எழுந்து நின்றால் எனக்குப் பேச்சுக்கு முன்னால் அழுகை வந்துவிடும். அதனால் எழுதிக் கொடுக்கிறேன், யாராவது வாசித்துவிடுங்கள்.

போன ஐப்பசி மழையில் என் வீட்டுக்காரர் பிளவக்கல் அணைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். மாந்தோப்புக் காவலுக்குப் போனவர். ஒரே நாளில் திரும்புவதாக இருந்ததால் சர்க்கரைக்குப் போடுகிற ஊசி மருந்தைக் கொண்டுபோகவில்லை. அன்றைக்கே ஓடை வந்து பாதையை அரித்துவிட்டது. மூன்றாம் நாள் காலையில் போன் செய்தார். "நாக்கு வறளுது. எந்திரிச்சா கண்ணு இருட்டுது" என்றார். அதோடு போன் அணைந்துவிட்டது.

மீட்புப் படகுகள் எல்லாம் வேறு ஊர்களில் இருந்தன. மறுநாள்தான் வர முடியும் என்றார்கள். அணையில் மீன் பிடிப்பவர்கள் துடுப்புப் போட்டுப் பார்த்தார்கள். காற்று அவர்களைக் கரைக்கே தள்ளியது. "படகுக்கு ஒரு இஞ்சின் இருந்தா போயிரலாம்க்கா" என்றார் ஒருவர். அப்படி ஒரு இஞ்சின் கூமாப்பட்டியில் என் வீட்டில்தான் கிடந்தது.

அது என் அண்ணனுடையது. மிலிட்டரியிலிருந்து வந்தபின் இதே அணையில் மீன் பிடித்தார். குத்தகை முடிந்ததும் படகை விற்றுவிட்டு, இஞ்சினை மட்டும் எங்கள் வீட்டில் வைத்தார். ரெண்டு மாதம் என்றவர் ரெண்டு வருடமாக எடுக்கவில்லை. "இது வீடா, ஒன் குடோனா?" என்று ஒருநாள் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அதன்பிறகு அவர் வரவே இல்லை. அடுத்த வருடம் மாரடைப்பில் போய்விட்டார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு என் மேல் வந்த கோபத்தையெல்லாம் இஞ்சின் மேல் காட்டினேன். பழைய இரும்புக்காரரை மூன்று தடவை வரச் சொன்னேன். ஒரு தடவை மழை, ஒரு தடவை அவர் வண்டி பஞ்சர், ஒரு தடவை நானே வீட்டில் இல்லை. நான் நினைத்தது ஒன்றாவது நடக்கிறதா என்று ஜெபத்திலேயே சலித்துக்கொண்டேன்.

பம்ப்செட் பார்க்கும் சீனி மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். இஞ்சினைச் சுற்றியிருந்த சாக்கைப் பிரித்தார். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார், புது பிளக் போட்டார், பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றினார். முற்றத்துப் பெஞ்சில் மாட்டிக் கயிற்றை இழுத்தார். பத்துப் பதினைந்து இழுப்புக்குப் பிறகு பிடித்தது. நான் கைதட்டினேன். கொஞ்ச நேரத்தில் புகைந்து கொதித்தது, பதறிப்போய் அணைத்தார். எங்களுக்கு இஞ்சின் என்றால் கிணற்று மேட்டில் ஓடுகிற இஞ்சின்தான். படகு இஞ்சின் தண்ணீருக்குள் நின்றால்தான் சூடு ஆறும் என்று எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியாது. அணையில் இருந்த மீன்காரருக்குப் போன் போட்டபோதுதான் அதைச் சொல்லித் திட்டினார்; தண்ணீரில் ஓட்டிச் சரிபார்க்காமல் கொண்டுவராதீர்கள், நடு அணையில் நின்றுவிட்டால் ஆபத்து என்றார். மாட்டுத்தொட்டியில் வைத்துப் பார்த்தோம், ஆழம் பத்தவில்லை.

நான் அங்கேயே மண்டியிட்டேன். "ஆண்டவரே, நான் திட்டித் தீர்த்த இஞ்சின் இது. என் வாயைப் பார்க்காதேயும். அந்த மனுசனைப் பாரும்" என்று மட்டும்தான் கேட்டேன்.

செய்தி கேட்டு வந்த போதகர் சொன்னார், நம் சபைக்குப் பின்னால் ஆள் முழுகுகிற ஞானஸ்நானத் தொட்டி நிரம்பி இருக்கிறதே என்று. சீனி தயங்கினார். அவர் நம் சபைக்காரர் இல்லை. "புனிதமான தொட்டியில ஆயில் பட்டுரும்ங்கய்யா."

"உசுரு பிழைக்கத்தானய்யா தொட்டி. எறக்குங்க" என்றார் போதகர்.

இறக்கினோம். இழுத்ததும் பிடித்தது. ஆனால் பின்னால் உள்ள சிறு துவாரத்திலிருந்து, உள்ளே சூட்டை ஆற்றிய தண்ணீர் பீச்ச வேண்டுமாம், ஒரு சொட்டு வரவில்லை. சீனி அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். குளவி மண்கூடு கட்டி அடைத்திருந்தது. என் சேலையில் இருந்த ஊக்கைக் கழற்றி நானே குத்தினேன். மண் உதிர்ந்தது. மறுபடி இழுத்தபோது தண்ணீர் பீறிட்டு என் முகத்தில் அடித்தது. அழுதேனா சிரித்தேனா, எனக்கே தெரியாது.

பிற்பகலில் மருந்தோடு படகு போனது. ஒரு மணி நேரத்துக்குள் அவரோடு திரும்பியது. கைத்தாங்கலாக இறங்கியவர் இஞ்சினைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "மச்சான் இஞ்சினா அது?" ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் படுத்திருந்து எழுந்தார்.

அவர் தேறியதும் ராஜபாளையத்துக்கு மதினி வீட்டுக்குப் போனேன். அண்ணன் செத்தபிறகு அந்த வாசலை நான் மிதித்ததில்லை. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவிய ஒம்மேல ஒருநாளும் கோவிச்சதில்ல. அத எடுத்துட்டு வாங்கன்னு நான் எம்புட்டோ சொன்னேன். தங்கச்சி வீட்டுல கெடக்கட்டும், என்னைக்காவது அவளுக்கு ஆகும்னாவ."

அவர் உயிருக்காக நான் மண்டியிட்டது அந்த ஒரு நாள்தான். பதிலை ஆண்டவர் அத்தனை வருடத்துக்கு முன்பே என் வீட்டு மூலையில் கொண்டுவந்து வைத்துவிட்டார். நான்தான் அதை எடைக்குப் போடப் பார்த்தேன். நினைத்தது நடக்கவில்லை என்று உங்களில் யாராவது சலித்துப்போயிருந்தால், என்னைப் போலக் கத்தாதீர்கள். கொஞ்சம் பொறுத்து அவரை நம்புங்கள். யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால், அவர்கள் உயிரோடு இருக்கும்போதே போய்க் கேட்டுவிடுங்கள்.